இடப்பக்கத்துக் கைத்தட்டு

எரோனி தோகலாவு பதின்மூன்று வருடம் பிரான்சில் ரக்பி ஆடினான். இடப்பக்க விங், அதாவது மைதானத்து இடது ஓரத்தில் ஓடுகிறவன், பதினொன்றாம் எண் சட்டை. கிளப் இரண்டாம் டிவிஷன்தான். ஆனாலும் சம்பளத்துக்கு ஆடினவன், எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றிய ட்ரை மொத்தம் நூற்று முப்பத்தொன்று. போன டிசம்பரில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, தீவில் இருக்கும் தன் சொந்த ஊரான நவுலிசேரேவுக்குத் திரும்பியபோது, நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று அவன் சட்டைப்பையில் இருந்தது. விமானத்தில் கொடுத்த காகிதப் பையின் முதுகில் எழுதியது. கடவுள், அம்மா, ஊர்த்தலைவர், சார்ஜென்ட் ஐசேயா, அத்தை மகன் மனாசா என்று போகும். கடைசி வரியில் பெயர் இல்லை. ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தான்.

அந்தக் கோட்டுக்கு உரியவர் தாய்மாமன் கித்தியோனே. அவருக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். அவரோடுதான் அவன் பேச முடியாது.

சண்டை ஒன்றும் இல்லை. சிங்கத்தோகா ஆற்றின் மேல்பக்கம், மலையை ஒட்டிய ஊர்களில் தாய்மாமனும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. மருமகன் அவர் பெயரைச் சொல்ல மாட்டான். அவர் தலைக்கு மேலே கை நீட்டி எதையும் எடுக்க மாட்டான். அவர் காதில் விழும்படி குரலை உயர்த்த மாட்டான். அத்தை மகனை என்ன வேண்டுமானாலும் சொல்லித் திட்டலாம், அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். மாமனிடம் வாய் அடங்கிவிடும்.

கித்தியோனே எரோனியைவிட ஒரு வயது இளையவர். எரோனியின் அம்மா லித்தியானா ஒன்பது பிள்ளைகளில் மூத்தவள், அவர் கடைக்குட்டி. பள்ளிக்கூடம் பக்கம் என்று எட்டு வயதில் அவரை அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே பாய், ஒரே சட்டி மரவள்ளிக்கிழங்கு, ஒரே ஆற்றில் குளியல். எட்டு வயது மாமனுக்கு ஒன்பது வயது மருமகன் வழிவிட்டு ஒதுங்கி நிற்பான். சாப்பிடும்போது எரோனி நாயைப் பார்த்து, "யாராவது உப்பை இந்தப் பக்கம் தள்ளினா நல்லா இருக்கும்" என்பான். உப்பு நகர்ந்து வரும். கொஞ்ச நேரம் கழித்து மாமன் கூரையைப் பார்த்து, மீன் டப்பாவில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று விசாரிப்பார். டப்பா நகர்ந்து போகும். நாய்க்கு அந்த வீட்டில் நல்ல மதிப்பு.

இரண்டு பேரும் ஓட்டக்காரர்கள். ஆற்றுக்கரை மணலில் இருவரும் ஓடினால் மற்றவர்கள் ஓடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஊர் அணியில் எரோனி இடப்பக்க விங் என்றால், கித்தியோனே வலப்பக்க விங். ஒருவருக்கொருவர் இருநூறு அடி தள்ளி, நடுவில் அத்தனை பேர். பேச வேண்டிய தேவையே வரவில்லை.

விங் காத்திருக்கிற வேலை. எண்பது நிமிட ஆட்டத்தில் பந்து நாலு தடவை வந்தால் அது நல்ல நாள். தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமிலிருந்து கை மாறிக் கை மாறித்தான் ஓரத்துக்கு வரும். உள்ளே நிற்கிற சென்டர் மேலே எதிராளி பாய்ந்துகொண்டிருப்பான். ஓரத்தில் நம் ஆள் ஒருவன் காலியாக நிற்பது சென்டரின் கண்ணில் படாது. அதனால் விங்குக்குக் காலோடு சேர்ந்து தொண்டையும் வேண்டும். எரோனிக்கு இரண்டும் இருந்தன. அவனுக்குப் பந்து போட்டுக்கொண்டிருந்த சென்டர் லெமேக்கி மச்சான் முறை. கெட்ட வார்த்தை சேர்த்தே கேட்கலாம், சீக்கிரம் வரும்.

எரோனிக்கு இருபத்தொரு வயதானபோது தாரியூ என்ற பிரெஞ்சுக்காரர் வந்தார். மெலிந்த ஆள், பெரிய தொப்பி, சின்ன நோட்டுப் புத்தகம். பிரான்சின் தெற்கில் அவருடைய கிளப்புக்கு ஒரு விங் வேண்டும். ஒரே ஒருவன். ஆற்றுக்கு மேல்பக்கத்து அணியும் கடற்கரை அணியும் அடுத்தடுத்த இரண்டு சனிக்கிழமை சிங்கத்தோகாவில் ஆடுவதாக ஏற்பாடு. இரண்டையும் பார்த்துவிட்டுச் சொல்வேன் என்றார். அவர் நோட்டில் மூன்று பெயர்கள் இருந்தன: எரோனி, கித்தியோனே, கடற்கரை அணியின் ரொப்பாத்தே.

முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் லெமேக்கி மாமரத்திலிருந்து விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டான். சென்டர் இல்லாமல் அணி இல்லை. பயிற்சியாளர் சார்ஜென்ட் ஐசேயா, போலீசிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து யார் நடுவில் போகிறீர்கள் என்று கேட்டார். விங்காகத் தேர்வாக வேண்டியவன் எவனும் அந்த வாரம் இடம் மாறச் சம்மதிக்க மாட்டான். எரோனி தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். வரிசையின் மறுகோடியில் ஒரு கை உயர்ந்தது. கித்தியோனேயின் கை.

அந்தக் கை உயர்ந்ததோடு நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பெயர் போயிற்று. அது எரோனிக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அப்போது அவன் வேறொன்றை நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்தான். இனி தனக்குப் பந்து போட வேண்டியவர் மாமன். அவரிடம் எப்படிக் கேட்பது?

சனிக்கிழமை எழுபத்தொன்பதாவது நிமிடம். இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். மனாசா ஸ்க்ரமிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்க, கித்தியோனே இரண்டு பேருக்கு நடுவில் நுழைந்து வெளியே வந்தார். எதிரே கடைசித் தடுப்பாளன் ஒருவன்தான். இடப்பக்கம் எரோனி, சுற்றிலும் ஆளே இல்லாமல், கோட்டுக்குப் பத்து அடி. கித்தியோனேயின் கண் தடுப்பாளன் மேல். ஒரு சொல் போதும். பெட்டிக்கடை வாசலில் ரொட்டிப் பொட்டலம் தின்றுகொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்று எரோனிக்குப் பதிலாகக் கத்தினார்கள். இரண்டாயிரம் பேர் கத்தும்போது எந்தக் குரல் யாருடையது என்று யாருக்குத் தெரியும்? எரோனி வாயைத் திறந்தான். காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

தடுப்பாளன் மாமனைத் தூக்கித் தரையில் போட்டான். பந்து உருண்டு கோட்டுக்கு வெளியே போயிற்று. விசில்.

தாரியூ நோட்டில் எழுதியதைச் சார்ஜென்ட் எட்டிப் பார்த்திருக்கிறார். கால் இருக்கிறது, கை இருக்கிறது, வாய் இல்லை என்று அதற்கு அர்த்தமாம்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் சார்ஜென்ட் எரோனியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏன் கத்தவில்லை என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். எரோனி ஜன்னலுக்கு வெளியே பப்பாளித் தோட்டங்களை எண்ணிக்கொண்டு வந்தான். பின் சீட்டிலிருந்து மனாசா தலையை நீட்டினான்.

"சார்ஜென்ட், அவன் கத்த மாட்டான். பந்து வச்சிருந்தது அவன் மாமா."

"அதனால என்னடா?"

"அதனாலதான்."

சார்ஜென்ட் கிழக்கே ஒரு தீவுக்காரர். அவர் ஊரில் மாமனும் மருமகனும் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். நாலு வரிசை முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த கித்தியோனேயைப் பார்த்தார், எரோனியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மாற்றிப் போட வேறு சென்டர் கிடையாது. அடுத்த சனிக்கிழமை கத்து, இல்லையென்றால் ஊரிலேயே மரவள்ளி பிடுங்கு என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மனாசா குனிந்து எரோனியின் காதில், "கவலப்படாத மச்சான். மரவள்ளி புடுங்க வாய் வேண்டாம்" என்றான்.

எரோனி அம்மாவிடம் போனான். மைதானத்துக்கு மட்டும் விலக்கு உண்டா என்று கேட்கத்தான். லித்தியானா தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தாள். கேட்டும் கை நிற்கவில்லை.

"சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்துக்குள்ள போனா மாமன் வேற ஆளாயிடுவானா?"

அவள் சக்கையை உதறிப் போட்டுவிட்டு, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள்: "நீ கத்தினா அவன் பந்து குடுத்துருவான்டா, குடுக்காம இருக்க மாட்டான். அப்புறம் ரெண்டு பேரும் இந்தப் பாயில எப்படி உக்காருவீங்க?"

ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்து, சாப்பாடு முடிந்து, மத்தியான வெயிலில் ஆண்கள் ஊர்க் கூடத்தில் கவா வேரை இடித்துக் கரைத்த பானம் குடிக்க வட்டமாக உட்கார்ந்தார்கள். எரோனி வாசலோரம், கடைசி இடம். கித்தியோனே வட்டத்துக்கு உள்ளே, முதுகு இவன் பக்கம். மனாசாதான் கிண்ணம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கிண்ணம் வந்தால் கை குவித்து ஒரு தட்டு. குடித்து முடித்ததும் நன்றிக்கு மூன்று தட்டு. உள்ளங்கை இரண்டும் கிண்ணம்போலக் குவிந்து ஒன்றின் மேல் ஒன்று விழும். காலிப் பானைக்குள்ளிருந்து வருவதுபோல ஆழமான சத்தம் எழும். எரோனிக்கு அகலமான கை. அவன் தட்டினால் தனியாகத் தெரியும்.

அவன் முறை வந்தபோது ஒரு தட்டுத் தட்டினான். கித்தியோனே சட்டென்று தோளுக்கு மேலே திரும்பினார். அடுத்த கணம் முகத்தை நேரே வைத்துக்கொண்டார். ஆனால் திரும்பியது திரும்பியதுதான். மனாசா பார்த்துவிட்டான், எரோனியும் பார்த்துவிட்டான்.

கிண்ணம் இன்னொரு சுற்று போயிற்று. கித்தியோனே தொண்டையைச் செருமிக்கொண்டு மனாசாவிடம் பேச்சுக் கொடுத்தார். மழையைப் பற்றிக் கொஞ்சம், லெமேக்கியின் தோளைப் பற்றிக் கொஞ்சம். பிறகு, யாருக்கோ சொல்வதுபோல:

"இடப்பக்கம் யாராவது இப்படித் தட்டினா, பந்து தானா அந்தப் பக்கம் போயிரும்னு நினைக்கிறேன்."

மனாசா வட்டத்தைத் தாண்டி வாசலைப் பார்த்தான். "மச்சான், ஒருத்தர் சொல்றார். கேட்டுதா?"

கேட்டது. கை தட்டுவது பேச்சு இல்லை. குரல் உயர்த்துவது இல்லை. மரியாதையில் சேர்ந்தது அது. நவுலிசேரேயில் எந்தப் பெரியவரும் அதைக் குற்றம் சொல்ல முடியாது.

திங்கள் முதல் வெள்ளி வரை ஆற்று மணலில் பழகினார்கள். மனாசா பந்தை எடுத்துப் போடுவான், கித்தியோனே ஓடுவார், இடப்பக்கம் தட்டு விழும், பந்து போகும். முதல் நாள் பாதிப் பந்து ஆற்றில் விழுந்தது. மனாசா ஒவ்வொரு தடவையும் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக்கொண்டே, நான் என்ன கல்யாணத் தரகனா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்காததுக்கு நான் குளிக்கணுமா என்று புலம்பினான். புதன்கிழமை எரோனிக்கு ஒன்று பிடிபட்டது. ஓடிக்கொண்டே தட்டி முடிக்கும்போது இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் விரிந்து நிற்கின்றன. பந்து பிடிக்கக் கை எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே. வெள்ளிக்கிழமை கித்தியோனே திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

இரண்டாவது சனிக்கிழமை, இடைவேளைக்குப் பிறகு பத்தாவது நிமிடம். கித்தியோனே மறுபடி உடைத்துக்கொண்டு வெளியே வந்தார். இந்த முறை கடைசித் தடுப்பாளன் வழுக்கி விழுந்திருந்தான். மாமனுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஐந்து அடி, காலியாக. நடந்தே போகலாம். எரோனி அதைக் கவனிக்கவில்லை. வாரம் முழுதும் பழகிய கை தானாக எழுந்து தட்டிவிட்டது. தட்டு விழுந்த நொடியில் பந்து மாமனின் தோளுக்கு மேலே, அவர் பார்க்காமலே, எரோனியின் விரிந்த கைக்குள் வந்து உட்கார்ந்தது. அவன் மூலையில் பாய்ந்து ட்ரை வைத்தான். எழுந்து திரும்பியபோதுதான் தன் மாமன் நின்ற இடத்தையும், அவருக்கு முன்னால் கிடந்த ஐந்து அடிப் புல்லையும் பார்த்தான்.

சார்ஜென்ட் கித்தியோனேயைப் பிடித்துக் கொண்டார். நீயே போயிருக்கலாமே, விழுந்தாலும் ட்ரைதானே, ஒருவேளை அந்தத் தொப்பிக்காரன் உன்னையும் பார்த்திருப்பானே என்று. கித்தியோனே தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, "தட்டினது கேட்டுச்சு சார்ஜென்ட்" என்றார்.

தாரியூ வந்து, அந்தப் பையன் ஆட்டத்துக்கு நடுவில் எதற்குக் கை தட்டுகிறான், கேலியா என்று விசாரித்தார். மாமாவுக்கு மரியாதை என்று சார்ஜென்ட் விளக்கினார். தாரியூ நோட்டைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து எழுதினார். அன்று எரோனி இன்னும் இரண்டு ட்ரை போட்டான். திங்கட்கிழமை அவனுக்கு ஒப்பந்தக் காகிதம் வந்தது.

நந்தி விமான நிலையத்துக்கு ஊர்க் காய்கறி லாரியில் போனார்கள். அம்மா அழுதாள், ஊர் பாடியது, மனாசா எரோனியின் ஒரே நல்ல சட்டையைத் தான் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கித்தியோனே கடைசி வரை லாரிப் பக்கமே இருந்தார். பிறகு வந்து, எரோனி நின்ற இடத்துக்கு இரண்டு அடி தள்ளிப் பெஞ்சில் ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். பிரித்தால், அவருடைய பூட்ஸ். கழுவி, எண்ணெய் தடவி, புது நாடா கோத்தது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு.

பிரான்சில் முதல் குளிர்காலம் முழுதும் அந்த பூட்ஸில்தான் ஆடினான். அங்கே யாரும் அவனுக்கு மாமன் இல்லை; தொண்டை கிழியக் கத்தலாம். முதல் ஆட்டத்தில் கத்தவும் செய்தான். மழை, மேளம், ஊதுகுழல் எல்லாம் சேர்ந்த இரைச்சலில் சென்டர் பெயோவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் ஓரத்தில் நனைந்து நின்ற பிறகு எரோனி கை குவித்துத் தட்டினான். பெயோ திரும்பினான். பந்து வந்தது.

பெயோ மலைக்காரன், குத்தலாகவே பேசுவான். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும் இனிமேல் நான்தான் உன் மாமா, என் தட்டிலிருந்து கறியை எடுக்காதே, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே என்று ஆரம்பித்துவிட்டான். ஒன்பது வருடம் அவன்தான் பந்து போட்டான். மூன்றாவது வருடத்துக்குள் மைதானமே கற்றுக்கொண்டது. வாத்து வளர்க்கிறவர்கள், கசாப்புக் கடைக்காரர், பள்ளிக்கூட டீச்சர்கள் என்று நாலாயிரம் பேர், பந்து இடப்பக்கம் நகர்ந்தாலே கை குவித்துத் தட்டுவார்கள். எதிரணி விங் பந்தை விட்டுவிட்டுக் கூட்டத்தைத் திரும்பிப் பார்ப்பான். எரோனிக்கு அது கூடத்து வாசலில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

எல்லா வருடமும் அப்படி இல்லை. ஒரு வருடம் முழங்கால் கிழிந்து பதினோரு மாதம் உட்கார்ந்தான். ஒரு வருடம் கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. பந்தே வராத ஆட்டங்கள் எத்தனையோ. ஆனால் ஆட்டம் முடிந்த மறுநாள் காலையில் போன் அடிக்கும். மனாசாவின் முகம் திரையை நிறைக்கும்.

"மச்சான், ஒருத்தர் சொல்றார். நீ ரொம்ப ஓரமா நிக்கறியாம்."

இன்னொரு வாரம், முழங்காலுக்குப் பச்சிலை கட்டுகிறாயா என்று ஒருத்தர் கேட்டார். இன்னொரு வாரம், உன் பூட்ஸ் நாடா அவிழ்ந்திருந்ததை ஒருத்தர் பார்த்தார். அந்த ஒருத்தர் காய்கறி லாரி ஓட்டப் போயிருந்தார். கல்யாணம் பண்ணி மூன்று பிள்ளைகள். சனிக்கிழமை ஆட்டம் இருந்தால் லாரியைச் சந்தையில் நிறுத்திவிட்டுப் போனில் பார்ப்பார். திரையின் ஓரத்தில் சில சமயம் ஒரு முழங்கை தெரியும். அது யாருடையது என்று எரோனிக்குத் தெரியும். பதின்மூன்று வருடத்தில் ஒரு ஆட்டத்தைக்கூட அந்த முழங்கை தவறவிடவில்லை.

டிசம்பரில் ஊர் வரவேற்பு வைத்தது. எரோனி கவா வேர்க் கட்டோடு போய் முறைப்படி வைத்து உட்கார்ந்தான். பேசச் சொன்னார்கள். பட்டியலை எடுத்துப் படித்தான். கடவுளுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். சார்ஜென்ட் ஐசேயா, எண்பது வயது, காதில் கருவி, தன் பெயர் வந்ததும் எழுந்து சல்யூட் அடித்தார். மனாசாவின் பெயர் வந்ததும், அந்தச் சட்டை இப்போது என் உடம்பில் ஏறாது, திருப்பித் தந்துவிடுகிறேன் என்று கூட்டத்திலிருந்து பதில் வந்தது.

கடைசிக் கோட்டில் வந்து நின்றான். கித்தியோனே கதவுப் பக்கம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். லாரிக்காரர் வயிறு வந்திருந்தது. ஊர்ப் பேச்சாளர் மூலம் சொல்லியிருக்கலாம். அது ஊருக்குச் சொன்னதாக இருக்கும், அவருக்குச் சொன்னதாக இருக்காது. எரோனி வாயைத் திறந்தான். காற்று வந்தது. கூடம் முழுக்கப் பாயைப் பார்த்தது. அவன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"எழுவத்தொம்பதாவது நிமிஷம் மாதிரியே இருக்கு மச்சான்" என்றான் மனாசா, உதடு அசையாமல்.

மறுநாள் பழைய ஆட்கள் அணிக்கும் இளவட்டத்துக்கும் பண்டிகை ஆட்டம். வருடா வருடம் நடப்பது. இந்த வருடம் எரோனியின் கடைசி ஆட்டம் என்பதால் ஆற்றின் கீழ்ப்பக்கத்து ஊர்களிலிருந்தும் லாரி லாரியாக ஆள் வந்திருந்தது. மனாசா ஸ்க்ரமில். கித்தியோனே சென்டரில், வேறு யாரும் அந்த இடத்துக்கு வரவில்லை. எரோனி பதினொன்றாம் எண்ணில். முழங்காலில் பட்டை.

இளவட்டம் ஓடி ஓடிப் பழைய ஆட்களைக் கேலி பண்ணியது. கடைசிப் பத்து நிமிடத்தில் மனாசா எங்கிருந்தோ ஒரு பந்தைப் பிடுங்கி நேராக ஓரத்துக்கே எறிந்தான். எரோனி பிடித்தான், ஒருவனைத் தள்ளினான், இன்னொருவனைத் தாண்டினான். முன்னால் கோடு. ஐந்து அடி. மைதானம் முழுவதும் எழுந்து நின்று நூற்று முப்பத்திரண்டு என்று கத்தத் தொடங்கியது.

அப்போது வலப்பக்கம், கொஞ்சம் பின்னால், ஒரு தட்டு விழுந்தது.

எரோனி அந்தச் சத்தத்தைக் கூடத்தில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான். மைதானத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவருடைய கை சிறியது. சத்தம் கொஞ்சம் மெல்லியது, ஈரமானது. பதின்மூன்று வருடமும் அதற்கு முந்திய அத்தனை வருடமும் அவர் அவனிடம் எதையும் கேட்டதில்லை. மீன் டப்பாவைக்கூடக் கூரையிடம்தான் கேட்டார்.

திரும்பிப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலே பந்தைப் போட்டான்.

பின்னால் மூச்சு இரைத்தது, கால் தடதடத்தது. அவனைக் கடந்து ஒரு பெரிய வயிறு கோட்டின் மேல் விழுந்தது, பந்து அடியில். எல்லோரும் எதிர்பார்த்தது வேறு. பிறகு பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது, அதன் மேல் லித்தியானாவின் குரல், அதன் மேல் லாரிகளின் ஹாரன்.

கித்தியோனேயைத் தூக்கிவிட மூன்று பேர் வேண்டியிருந்தது. அவர் நெற்றிப் புல்லைத் துடைத்துக்கொண்டு, மனாசாவிடம் எதையோ சொல்லிவிட்டு, தண்ணீர்க் குடத்துப் பக்கம் நடந்தார். மனாசா வந்தான்.

"மச்சான், ஒருத்தர் சொல்றார்."

"சொல்லு."

"பாஸ் கொஞ்சம் தாழ்வா வந்துச்சாம்."

எரோனிக்குச் சிரிப்பு வந்தது; சிரிப்போடு வேறொன்றும் வந்தது. மாமன் நின்றுகொண்டிருந்ததால் அவன் தரையில் உட்கார்ந்தான், கூடத்தில் உட்காருவது போலச் சம்மணம் போட்டு. கிண்ணம் வரும்போது தட்ட வேண்டியதை என்றைக்கோ தட்டிவிட்டான். குடித்து முடித்த பிறகு தட்ட வேண்டியதுதான் பாக்கி இருந்தது. கையைக் குவித்து, நிதானமாக, மூன்று தடவை தட்டினான்.

குடத்தடியில் கித்தியோனே திரும்பவில்லை. ஆனால் மொண்ட தண்ணீர் வாய்க்குப் போகாமல், மூன்றாவது தட்டு அடங்கும் வரை அப்படியே நின்றது. பிறகுதான் குடித்தார்.